வெளிப்புற ரெண்டர்: எதில் நேரம் போட்டால் படம் நிஜமாகும்?

"படம் நல்லா இருக்கு, ஆனா பொம்மை வீடு மாதிரி இருக்கு" என்று, கணினியில் கட்டட மாடலிலிருந்து உருவாக்கிய படத்தை (ரெண்டரை) பார்த்து யாராவது சொல்லிவிட்டால், பலரும் முதலில் சந்தேகப்படுவது மென்பொருளைத்தான். வி-ரே என்ற ரெண்டர் மென்பொருளை (எஞ்சினை) விட்டு கொரோனாவுக்குப் போவார்கள், அங்கிருந்து அன்ரியலுக்குத் தாவுவார்கள். வி-ரே, கொரோனா, பிளெண்டரின் சைக்கிள்ஸ் மூன்றிலுமே ஒளியைப் பின்தொடர்ந்து கணக்கிடும் முறை ஏறக்குறைய ஒன்றுதான். ஒரே மாடலை ஒரே வெளிச்சத்தில் மூன்றிலும் போட்டுப் பார்த்தால் வித்தியாசத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதனால் எஞ்சின் சண்டையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். படத்தை ஆக்குவதும் கெடுப்பதும் வெளிச்சம்தான்.

எச்டிஆர்ஐ வானமா, கணக்கிட்ட வானமா?

எச்டிஆர்ஐ என்பது உண்மையான வானத்தைப் பல எக்ஸ்போஷர்களில் (ஒளி அளவுகளில்) சுற்றிலும் படமெடுத்து ஒன்றாகச் சேர்த்த கோப்பு. அப்படி எடுத்த படத்தையே விளக்காகப் பயன்படுத்தலாம் என்பதை 1998-இல் பால் டெபெவெக் செய்து காட்டிய பிறகு இந்த முறை பரவியது. இதன் பெரிய பலம் கண்ணாடியில் தெரியும். பகலில் வெளியே நின்று ஒரு கட்டடத்தின் ஜன்னலைப் பார்த்தால் அறைக்குள் இருப்பதைவிட மேகமும் எதிர்க் கட்டடமும்தான் அதிகம் தெரியும். நேராகப் பார்க்கும்போது கண்ணாடியின் ஒரு பரப்பு சுமார் 4% ஒளியைத்தான் திருப்பி அனுப்பும். பார்க்கும் கோணம் சாயச் சாய அது வேகமாகக் கூடும். சுத்தமான கணக்கிட்ட வானத்தில், அதாவது மென்பொருளே சூத்திரத்தால் உருவாக்கும் வானத்தில், பிரதிபலிக்க ஒன்றுமே இல்லாததால், கண்ணாடி நீலப் பிளாஸ்டிக் தாளை ஒட்டியது போல ஆகிவிடுகிறது.

எச்டிஆர்ஐயின் பலவீனம் சூரியன். நல்ல வெயிலில் தரையில் விழும் வெளிச்சம் சுமார் 1,00,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). அதே நேரம் நிழலில் இருப்பது அதில் ஐந்தில் ஒரு பங்கோ, பத்தில் ஒரு பங்கோதான். அந்த வெயில் முழுக்க வானத்தில் அரை டிகிரி அகலமே உள்ள ஒரு வட்டத்திலிருந்து வருகிறது. படமெடுத்தவர் போதுமான அளவு குறைந்த எக்ஸ்போஷர் வரை இறங்கவில்லை என்றால் கோப்பில் சூரியன் வெட்டுப்பட்டுவிடும். பார்க்க வானம் அருமையாக இருக்கும், ஆனால் வெயிலுக்குச் சுரணை இருக்காது, நிழல் வெளுத்துப் போயிருக்கும்.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. தரையில் ஒரு உயரமான கம்பத்தை நட்டு ரெண்டர் செய்யுங்கள். அடியில் நிழலின் விளிம்பு கத்தி போல இருக்க வேண்டும். நிழலின் நுனியை நோக்கிப் போகப் போக மெல்ல மங்க வேண்டும். சூரியனின் அகலத்தை வைத்துக் கணக்குப் போட்டால், நிழல் விழ ஒளி கடக்கும் ஒவ்வொரு மீட்டருக்கும் விளிம்பு ஏறக்குறைய 1 செ.மீ. மங்கும். 10 மீட்டர் தள்ளி இருக்கும் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் நிழலில் 9 செ.மீ. வரை மங்கல் வரும். எல்லா நிழலும் ஒரே கூர்மையில் இருந்தாலும் சரி, எல்லாமே குழைந்திருந்தாலும் சரி, என்ன தவறு என்று சொல்லத் தெரியாமலே கண் அதைப் பிடித்துவிடும்.

கணக்கிட்ட வானத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. 1999-இல் வந்த பிரீத்தம், 2012-இன் ஹோசெக்-வில்கி, 2021-இன் பிராக் என்ற வானக் கணித மாதிரிகளில் ஒவ்வொன்றும் முந்தையதைவிட நிஜ வானத்தை நெருங்கியிருக்கிறது, குறிப்பாக அந்தி நேரத்தில். பழைய கோப்புகளில் பிரீத்தமே இன்னும் தேர்வாகிக் கிடக்கும், மாற்றிவிடுங்கள். இடம், தேதி, மணி கொடுத்தால் சூரியன் சரியான உயரத்தில் நிற்கும். எச்டிஆர்ஐயைச் சுற்றித் திருப்பலாமே தவிர, அதில் இருக்கும் சூரியனை மேலே ஏற்றவோ இறக்கவோ முடியாது. "சாயங்காலம் நாலு மணிக்கு இந்த முகப்பில் வெயில் எங்கே விழும்?" என்று கட்டடக் கலைஞர் கேட்டால் கணக்கிட்ட வானம் மட்டும்தான் பதில் சொல்லும்.

என் தேர்வு: பளிச்சென்ற வெயில் காட்சி என்றால் வெளிச்சம் கணக்கிட்ட சூரியனிடமிருந்து, பிரதிபலிப்பும் பின்னணியும் எச்டிஆர்ஐயிலிருந்து. மேகங்கள் பிரகாசமாக இருக்கும் பக்கம் சூரியன் இருக்கும் பக்கத்தோடு ஒத்துப்போக வேண்டும், அவ்வளவுதான். மேகமூட்டம், மழை ஓய்ந்த வேளை, அந்தி என்றால் யோசிக்கவே வேண்டாம், எச்டிஆர்ஐ மட்டும் போதும். அந்த நேரங்களில் சூரியனின் பிரச்சினையே எழுவதில்லை.

இதோடு ஒரு சின்ன விஷயம். வெள்ளைச் சுவருக்கு 255 என்று முழு வெள்ளையைக் கொடுத்தால் எந்த வானமும் உங்களைக் காப்பாற்றாது. புதிதாக அடித்த வெள்ளைப் பெயின்ட்கூட 80% அளவில்தான் ஒளியைத் திருப்பும். முழு வெள்ளையில் ஒளி சுவருக்குச் சுவர் தெறித்துக்கொண்டே இருப்பதால் நிழலெல்லாம் கரைந்து போகும்.

செடிகொடி, மனிதர்கள்: முப்பரிமாணமா, வெட்டி ஒட்டுவதா?

மரங்களுக்கு முப்பரிமாணம்தான். ஃபோட்டோஷாப்பில் ஒட்டிய மரம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதன் நிழல் சுவரில் விழாது. படத்துக்கு வெளியே, கேமராவுக்குப் பின்னால் ஒரு மரத்தை வைத்து அதன் நிழலை மட்டும் முகப்பில் விழ விட்டாலே பாதி வேலை முடிந்தது. ஆனால் இலைக்குள் ஒளி ஊடுருவும்படி மெட்டீரியல் (பரப்பின் தன்மையைச் சொல்லும் அமைப்பு) இருக்க வேண்டும். இல்லையென்றால் எதிர் வெயிலில் மரம் கரும்பச்சைக் கும்பலாகத் தெரியும். நிஜத்தில் அந்த நேரத்தில்தான் இலைகள் மஞ்சள் கலந்து ஒளிரும்.

புல்லை மட்டும் அளவோடு வையுங்கள். கேமராவுக்கு அருகே முப்பரிமாணப் புல், தொலைவில் நல்ல டெக்ஸ்ச்சர் (பரப்பின் மேல் ஒட்டும் படம்) போதும். ஒரே உயரத்தில் பரப்பாமல் அங்கங்கே காய்ந்த திட்டுகளும், நடைபாதை ஓரத்தில் மெலிந்த புல்லும் இருக்கட்டும்.

மனிதர்கள் விஷயத்தில் தீர்ப்பு தலைகீழ். முப்பரிமாண மனிதர்கள் கிட்டத்தில் உயிரில்லாமல் நிற்கிறார்கள். சரியான திசையில் வெயில் விழுந்த புகைப்படத்திலிருந்து வெட்டியவர்கள், சின்னதாக, முதுகு காட்டி நடப்பவர்களாக இருந்தால் மேல்.

மாடலிலா, டெக்ஸ்ச்சரிலா?

சுவரின் மூலைகளை 3 முதல் 5 மி.மீ. மழுக்கினால் விளிம்பில் ஒரு மெல்லிய வெளிச்சக் கோடு வரும். இதை மாடலில் செய்யலாம், அல்லது சைக்கிள்ஸின் பெவல் போன்ற வசதியால் மெட்டீரியலிலேயே ஏமாற்றலாம். தூரக் காட்சிக்கு ஏமாற்று வித்தையே தாராளம். நெருக்கத்தில் வெளிக்கோடு கூர்மையாகவே நிற்பதால் மாட்டிக்கொள்ளும்.

கண்ணாடிக்கு மட்டும் மாடலில் கை வைத்தே ஆக வேண்டும். பெரிய கண்ணாடி முகப்பில் ஒவ்வொரு பலகையையும் ஒரு டிகிரியில் சிறு பகுதி அளவுக்கு வெவ்வேறாகச் சாய்த்துவிடுங்கள். பிரதிபலிப்பு பலகைக்குப் பலகை லேசாக முறியும். டெக்ஸ்ச்சரால் இதைக் கொண்டுவருவது கடினம்.

அழுக்கு விஷயத்தில் பலரும் சறுக்குகிறார்கள். சுவர் முழுக்கச் சீராகப் பூசிய அழுக்கைவிட சுத்தமான சுவரே தேவலை. தண்ணீர் எங்கே வழியும் என்று பாருங்கள்: ஜன்னல் அடிக்கட்டையின் இரு முனைகள், மழைநீர்க் குழாயின் வாய், தரையிலிருந்து ஓரடி உயரம். அங்கே மட்டும் போதும்.

கடைசியாக எஞ்சின்

லூமியன், ட்வின்மோஷன், என்ஸ்கேப் போன்ற உடனடி ரெண்டரிங் வகை, எதிரே ஆளை உட்கார வைத்துக்கொண்டு மாற்றங்கள் செய்யவும் நடைக்காட்சி காட்டவும் அருமையானது. நெருக்கமான நிலைப்படத்துக்கு நான் இன்னும் பாத் டிரேசிங்கையே, அதாவது வி-ரே, கொரோனா, சைக்கிள்ஸ் போல ஒளியைப் பின்தொடர்ந்து கணக்கிடும் முறையையே, நம்புகிறேன். பிளெண்டர் 4.0-இலிருந்து இயல்பாக வரும் ஏஜிஎக்ஸ் நிறமாற்று முறையை (கணக்கிட்ட வெளிச்சத்தைத் திரைக்கேற்ற நிறமாக மாற்றுவது) மட்டும் அணைத்துவிடாதீர்கள். பழைய ஸ்டாண்டர்ட் முறையில் வெயில் பட்ட சுவர் வெந்து வெளுத்துவிடும்.

முடிந்த படத்தைச் செயற்கை நுண்ணறிவுக் கருவியில் போட்டு மெருகேற்றுவது இப்போது வழக்கமாகிவிட்டது. புல், மரம், மனிதர்களை அது உண்மையிலேயே நன்றாக்குகிறது. கட்டடத்தில் கை வைத்தால்தான் தொல்லை: நான்கு பிரிவு ஜன்னல் ஐந்தாகும், கல் இணைப்புக் கோடுகள் இடம் மாறும், கைப்பிடிக் கம்பி பாதியில் காணாமல் போகும். ரெண்டர் செய்யும்போதே கட்டடத்துக்குத் தனி மாஸ்க் (கட்டடம் இருக்கும் இடத்தை மட்டும் பிரித்துக் காட்டும் படம்) எடுத்து வைத்துக்கொண்டு, மெருகேற்றிய படத்தின் மேல் மூலக் கட்டடத்தைத் திரும்ப வைத்துவிடுங்கள். மாஸ்க்கின் விளிம்பை இரண்டு மூன்று பிக்சல் மென்மையாக்கினால் ஒட்டு தெரியாது.