கல்லூரி கெமிஸ்ட்ரி டியூஷன் சாமான்கள்: பல செமஸ்டர்கள் ஓடிய பிறகு

பி.எஸ்சி., எம்.எஸ்சி. பிள்ளைகளுக்கு வேதியியல் டியூஷன் எடுக்கத் தொடங்குகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "மேம், என்னென்ன வாங்கணும்?" என்பதுதான். வாங்கிய மாதத்தில் எல்லாப் பொருளும் அருமையாகத்தான் தெரியும். சில செமஸ்டர்கள் ஓடிய பிறகு எது மேஜை மேல் இருக்கிறது, எது பரணுக்குப் போயிருக்கிறது என்று பார்த்தால்தான் உண்மை விளங்கும். என் வீட்டு மேஜையையும் பரணையும் வைத்து இதை எழுதுகிறேன்.

என்னிடம் வருகிறவர்கள் மூன்று வகை. அலைடு (துணைப்பாட) கெமிஸ்ட்ரிக்காக வரும் இயற்பியல், விலங்கியல் மாணவர்கள். ஆர்கானிக்கில் அரியர் வைத்துவிட்டு வருகிறவர்கள். எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஐஐடி ஜாம் நுழைவுத் தேர்வு எழுதப் போகிறவர்கள். பாதிப் பேர் நேரில், மீதிப் பேர் ஆன்லைனில். எல்லோருக்கும் சேர்த்து நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: வகுப்பு நடக்கும்போது அந்தப் பொருள் என் கையில் இருக்கிறதா, பிள்ளையின் கையில் இருக்கிறதா? என் கையை விட்டு நகராத பொருள்கள்தான் ஒவ்வொன்றாகப் பரணுக்குப் போயின.

ஆன்லைன் வகுப்புக்கென்று முதலில் வாங்கியது பென் டேப்லட். திரை இல்லாமல், கம்ப்யூட்டரில் செருகி எழுதுகிற சாதாரண வகை. மூவாயிரத்துச் சொச்சம் ரூபாய். கண் திரையிலும் கை மேஜையிலும் இருந்து பழக ஒரு வாரமாவது ஆகும். அதுவரை பென்சீன் வளையம் உருளைக்கிழங்கு மாதிரிதான் வரும். ஓப்பன்போர்டு என்ற இலவச மென்பொருளில் எழுதி, வகுப்பு முடிந்ததும் பிடிஎஃப் ஆக்கி அனுப்பிவிடலாம். பேனா முனை தேயும், ஆனால் பெட்டியிலேயே மாற்று முனைகள் வந்துவிடுகின்றன. முதலில் தகராறு செய்வது கேபிள் செருகும் இடம். லேசாக ஆடத் தொடங்கினால், வளையத்துக்கு நடுவே கோடு தானாக ஓடும். கேபிளை டேப்லட்டோடு சேர்த்து டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். அதன் பிறகு பிரச்சினை இல்லை.

பொருளாகப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நான் வண்ண வண்ணமாக எழுதி அனுப்பிய பிடிஎஃப்களைத் திரும்பத் திறந்து பார்த்த பிள்ளைகள் குறைவு. இப்போது டேப்லட்டை வகுப்பின் முதல் கால் மணி நேரத்துக்கு மட்டும்தான் எடுக்கிறேன்.

அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது மொபைல் ஸ்டாண்டு, அதுவும் எனக்கல்ல, பிள்ளைக்கு. வளைகிற கழுத்துள்ள ஸ்டாண்டு சில நூறு ரூபாய்தான். பிள்ளையின் போனை அதில் மாட்டி, பின்பக்கக் கேமரா ரஃப் நோட்டைப் பார்க்கும்படி வைக்கச் சொல்கிறேன். ஸ்டாண்டு இல்லாதவர்கள் இரண்டு பக்கமும் புத்தகங்களை அடுக்கி, குறுக்கே இரண்டு ஸ்கேலை வைத்து, அதன் மேல் போனைக் கிடத்துகிறார்கள். அதுவும் போதும்.

இதனால் என்ன லாபம் என்றால், எழுதி முடித்த விடையை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தெரியாத ஒன்று இதில் தெரியும்: எழுதுகிற வரிசை. எஸ்டராக்கல் மெக்கானிசத்தை, அதாவது அமிலமும் ஆல்கஹாலும் படிப்படியாக எஸ்டராக மாறும் விதத்தை, எடுத்துக்கொள்ளுங்கள். நோட்டில் முடிந்த விடை ஒழுங்காகவே இருக்கும். கேமராவில் பார்த்தால், பிள்ளை எல்லா இடைநிலைகளையும் முதலில் மனப்பாடமாக எழுதிவிட்டு, பிறகு திரும்பி வந்து எலக்ட்ரான் எங்கிருந்து எங்கே போகிறது என்று காட்டும் வளைந்த அம்புகளை அவற்றுக்கிடையே செருகிக்கொண்டிருப்பாள். அதாவது அம்பு அவளுக்கு அலங்காரம். அங்கேயே நிறுத்தி, இடைநிலைகளை மறைத்துவிட்டு, முதல் அம்பை மட்டும் போடச் சொல்வேன். பெரும்பாலும் அது ஹைட்ரஜன் அயனியிலிருந்து கார்போனைல் ஆக்சிஜனுக்குப் போகும்.

"அம்பு எதுலேர்ந்து கிளம்புதும்மா?"

"ஹெச் பிளஸ்லேர்ந்து, மேம்."

"அதுகிட்ட குடுக்க எலக்ட்ரான் இருக்கா?"

கொஞ்ச நேரம் சத்தமே வராது. அப்புறம் ரப்பர் வரும், ஆக்சிஜன் மேல் இரண்டு புள்ளிகள் வரும், அங்கிருந்து அம்பு கிளம்பும். ஆர்கானிக் அரியரில் பாதிக்கு மேல் இந்த ஒரே இடத்தில்தான் சிக்கியிருக்கிறது என்பது என் அனுபவம். எத்தனை அழகான ஸ்லைடு போட்டாலும் இதைப் பிடிக்க முடியாது.

அடுத்து மாடல் கிட், அணுவுக்கு உருண்டையும் பிணைப்புக்குக் குச்சியும் வைத்து மூலக்கூறு கட்டும் பெட்டி. என்னிடம் இருப்பதிலேயே பழையது இதுதான், சாயம் கூடப் போகவில்லை. கார்பன் கறுப்பு, ஹைட்ரஜன் வெள்ளை, ஆக்சிஜன் சிவப்பு, நைட்ரஜன் நீலம், குளோரின் பச்சை. இந்த நிறங்களுக்குப் பெரிய வரலாறு உண்டு. 1865-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஹோஃப்மன் என்ற ஜெர்மன் வேதியியலாளர் குரோக்கே விளையாட்டுப் பந்துகளில் குச்சி செருகி மூலக்கூறு காட்டியபோதே ஏறக்குறைய இதே நிறங்கள்தான். அவருடைய கார்பனின் நான்கு பிணைப்புகளும் ஒரே தளத்தில் தட்டையாக இருந்தன. நான்கு பிணைப்புகளும் நான்கு மூலைகளை நோக்கி நீளும் நான்முகி வடிவத்தை 1874-இல் வான்ட் ஹோஃப் முன்வைத்தார். அவரும் அட்டையில் சின்னச் சின்ன நான்முகிகள் செய்து மற்ற வேதியியலாளர்களுக்கு அனுப்பி வைத்திருக்கிறார். ஆக, மாடலை அடுத்தவர் கையில் கொடுத்துப் புரியவைக்கும் வேலை ஒன்றும் புதிதல்ல.

கிட் முழுப் பலன் தருவது ஆறு கார்பன் வளையமான சைக்ளோஹெக்சேனில். அது நாற்காலி போல மடங்கி நிற்கும் சேர் அமைப்பைப் படத்தில் வரையச் சொன்னால் வரைவார்கள். ரிங் ஃப்ளிப் செய்யச் சொன்னால், அதாவது வளையத்தை மறு சேராக மடக்கச் சொன்னால், மேலே இருந்த மெத்தில் தொகுதியைக் கீழே போட்டுவிடுவார்கள். இதைப் பலகையில் எத்தனை தடவை சொன்னாலும் அடுத்த வாரம் மறந்துவிடும். இப்போது நான் சொல்வதில்லை. ஆறு கறுப்பு உருண்டைகளைக் கோத்து, ஒரு கார்பனில் மட்டும் மெத்திலுக்குப் பதில் பச்சை உருண்டையைச் செருகி, பிள்ளையின் கையில் கொடுத்துவிடுகிறேன். ஒரு முனையை மேலே தூக்கி, எதிர்முனையைக் கீழே அழுத்தினால், 'டக்'கென்று மறு சேர் வரும். பச்சை உருண்டை நட்டுக்குத்தாக நின்றது இப்போது பக்கவாட்டில் சாய்ந்திருக்கும். ஆனால் அதே கார்பனிலுள்ள ஹைட்ரஜனை விட இன்னும் மேல்பக்கம்தான் இருக்கும். நட்டுக்குத்தான ஆக்சியல், பக்கவாட்டான ஈக்விட்டோரியல் ஆகும், மேல் மேலாகவே இருக்கும். அதைத் தன் கையாலேயே ஒருமுறை மடக்கிப் பார்த்த பிள்ளை பிறகு தப்பாக வரைந்து நான் பார்த்ததில்லை.

இதே மாதிரி இரண்டு வளையங்கள் ஒட்டிய டெக்கலின் இன்னும் நல்ல சோதனை. வளையங்கள் சேரும் இடத்து ஹைட்ரஜன்கள் ஒரே பக்கம் உள்ள சிஸ் டெக்கலின் கையில் மடங்கும், எதிரெதிர்ப் பக்கம் உள்ள டிரான்ஸ் மடங்காது. வலுக்கட்டாயமாக மடக்கினால் குச்சி தெறித்து மேஜைக்கு அடியில் போகும். "ஏன் மேம் இது மட்டும் வரமாட்டேங்குது?" என்று அவர்களே கேட்கும்போது பாதிப் பாடம் முடிந்த மாதிரி. டெக்கலினுக்கு ஒரு கிட் போதாது, இரண்டு வேண்டும். இரண்டையும் ஒரே கம்பெனியில் வாங்குங்கள். துளை அளவு கொஞ்சம் மாறினாலும் குச்சி பொருந்தாது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். மலிவான கிட்களில் இரட்டைப் பிணைப்புக்கு வளைகிற குழாய்கள்தான். வருடம் போகப் போக மடிப்பில் வெளுத்து விரிசல் விடுகின்றன. அதை விடப் பெரிய குறை, உருண்டைகள் சின்னவை, குச்சிகள் நீளமானவை. அதனால் அணுக்களுக்கு நடுவே ஏகப்பட்ட காலியிடம் இருக்கிற மாதிரி தோன்றும். ஆக்சியல் மெத்தில் நெரிசலில் இருக்கிறது, அதனால் மோலுக்குச் சுமார் 7 கிலோஜூல் அதிகம், அறை வெப்பநிலையில் ஏறக்குறைய 95 சதவீத மூலக்கூறுகளில் மெத்தில் ஈக்விட்டோரியலில்தான் இருக்கும் என்று சொன்னால், கையிலுள்ள மாடலைப் பார்த்துவிட்டு நம்பமாட்டார்கள். அந்த இடத்தில்தான் திரை வேண்டும். மோல்வியூ என்ற வலைத்தளத்தில் அதே மூலக்கூறை அணுக்களின் முழு அளவு தெரியும் தோற்றத்தில் காட்டினால், ஹைட்ரஜன்கள் ஒன்றையொன்று இடிப்பது கண்ணுக்குத் தெரியும். உலாவியிலேயே ஓடும், எதையும் நிறுவ வேண்டாம். பப்கெம் என்ற தரவுத்தளத்திலும் முப்பரிமாணத் தோற்றம் உண்டு. மாடல் முதலில், திரை பிறகு. நான் இந்த வரிசையை மாற்றுவதில்லை.

கருவி தரும் பீக்குகளை வைத்து மூலக்கூறை அடையாளம் காணும் ஸ்பெக்ட்ராஸ்கோபிக்கு நான் நம்பியிருப்பது எஸ்டிபிஎஸ் என்ற ஜப்பானிய இலவசத் தரவுத்தளம். ஏஐஎஸ்டி ஆராய்ச்சி நிறுவனம் நடத்துகிறது. பார்க்கப் பழைய காலத்து வலைத்தளம் மாதிரிதான் இருக்கும், ஆனால் உள்ளே இருப்பதெல்லாம் உண்மையான கருவியில் எடுத்த ஸ்பெக்ட்ரம். பாடப்புத்தகத்தில் கைவண்ணத்தில் வரைந்த பீக்குகளையே பார்த்த பிள்ளை, நிஜ ஐஆர் (அகச்சிவப்பு) ஸ்பெக்ட்ரம் தாளைப் பார்த்து மிரளும். மிரளட்டும், தேர்வுக்கு முன்பே மிரண்டுவிடுவது நல்லது.

நான் அடிக்கடி கொடுக்கும் ஜோடி எத்தில் அசிட்டேட், மெத்தில் புரப்பனோயேட். இரண்டுக்கும் ஒரே மூலக்கூறு வாய்பாடு. ஹைட்ரஜன்களைக் காட்டும் ஸ்பெக்ட்ரமான புரோட்டான் என்எம்ஆரில் இரண்டிலும் ஒரு சிங்லெட் (பிரியாத பீக்), ஒரு குவார்டெட் (நான்காகப் பிரிந்தது), ஒரு டிரிப்லெட் (மூன்றாகப் பிரிந்தது). பீக் எத்தனையாகப் பிரிகிறது என்று மட்டும் எண்ணுகிற பிள்ளை இரண்டையும் ஒன்று என்று எழுதிவிடும். பிரிண்ட் எடுத்த இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஸ்கேலும் பென்சிலும் கொடுத்துவிட்டு நான் காபி போடப் போய்விடுவேன். திரும்பி வருவதற்குள் பெரும்பாலும் கண்டுபிடித்திருப்பார்கள்: ஒன்றில் குவார்டெட் 4.1 பிபிஎம் (தாளின் கிடை அளவுகோலின் அலகு) பக்கம், இன்னொன்றில் சிங்லெட் 3.7 பக்கம். ஆக்சிஜனுக்கு அடுத்து உட்கார்ந்திருப்பது எத்திலா, மெத்திலா என்பதை அந்த இடமே சொல்லிவிடும். இதைத் திரையில் செய்து பார்த்திருக்கிறேன். தாளில் வரும் பொறுமை அங்கே வருவதில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். அலைடு பிள்ளைகளுக்குக் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் சிமுலேஷன்கள் நன்றாக உதவுகின்றன; மூலக்கூறு வடிவம், அமிலக் காரம் இரண்டும் போனிலேயே திறக்கும். பிஹெச் எளிதில் மாறாத கரைசலான பஃபர் பற்றிய கணக்குக்குக் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் கெம்கலெக்டிவ் மெய்நிகர் ஆய்வகம். அசிட்டிக் அமிலத்தையும் சோடியம் அசிட்டேட்டையும் சம மோல் கலந்தால் பிஹெச் 4.76 பக்கம் நிற்பதை அவர்களே கலந்து பார்க்கலாம். ஆனால் சால்ட் அனாலிசிஸுக்கு எந்தத் திரையும் உதவாது. வீழ்படிவின் நிறத்தையும் வாயுவின் வாசனையையும் கல்லூரி லேபில்தான் பழக வேண்டும்.

ஐஐடி பேராசிரியர்கள் பாடம் எடுக்கும் என்பிடெல் வீடியோக்கள் தரமானவை, சந்தேகமே இல்லை. ஜாம் எழுதுகிறவர்களுக்குக் கட்டாயம் கொடுக்கிறேன். அரியர் பிள்ளைக்கு முழுத் தொடரையும் கொடுத்தால் மூன்றாவது வீடியோவில் ஆள் காணாமல் போய்விடும்; அவர்களுக்குப் பத்து நிமிடத் துண்டு ஒன்றை மட்டும் கொடுத்து, நடுவில் நிறுத்தி, அடுத்த படி என்ன என்று எழுதச் சொல்கிறேன்.

கால்குலேட்டர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பிள்ளைகள் மூன்று வருடமும் கையிலுள்ள சயின்டிஃபிக் கால்குலேட்டரிலேயே பழகியிருப்பார்கள். ஜாம் தேர்வில் அது கிடையாது, திரையில் வரும் கால்குலேட்டரை மவுஸால் தட்ட வேண்டும். 3 மணி நேரத்தில் 60 கேள்வி. அதில் 20 கேள்விக்கு விடையை எண்ணாகவே இட வேண்டும். வினை வேகத்துக்கான அர்ஹீனியஸ் கணக்கில் எல்என் பொத்தானையும் லாக் பொத்தானையும் தேடிக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும். அதனால் கடைசி இரண்டு மாதம் என் வீட்டில் கைக் கால்குலேட்டருக்குத் தடை. முதல் வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள்.

இப்போது எல்லோரும் ஏஐ விடைகளோடு வருகிறார்கள். கருத்து விளக்கம் பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. மூலக்கூறின் வல, இட அமைப்பை ஆர், எஸ் என்று குறிப்பதிலும், முப்பரிமாண அமைப்பைப் பற்றிய ஸ்டீரியோ கெமிஸ்ட்ரியிலும்தான் தடுமாற்றம் பார்க்கிறேன். நான் தடுப்பதில்லை. "அது சொன்ன மூலக்கூறை இந்த உருண்டையில கட்டிக் காட்டு" என்பேன். கட்டும்போதே எங்கே உதைக்கிறது என்று தெரிந்துவிடும்.

இன்னும் தீராத குறை இனார்கானிக்கில். நடுவிலுள்ள உலோகத்தைச் சுற்றி மற்றவை பிணைந்திருக்கும் அணைவுச் சேர்மங்களுக்கு ஆறு துளை உருண்டை வேண்டும், ஆர்கானிக் கிட்டில் அது வராது. கோபால்ட்டோடு இரண்டு எத்திலீன் டையமீனும் இரண்டு குளோரினும் சேர்ந்த அயனியில் குளோரின்கள் எதிரெதிரே உள்ள டிரான்ஸ் பச்சை, பக்கத்தில் பக்கத்தில் உள்ள சிஸ் ஊதா. சிஸ்ஸுக்கு மட்டும்தான் ஒளிசுழற்று மாற்றியம், அதாவது ஒன்றோடொன்று பொருந்தாத கண்ணாடிப் பிம்ப ஜோடி, உண்டு. இதைக் களிமண் உருண்டையிலும் ஈர்க்குச்சியிலும் செய்து காட்டிக்கொண்டிருக்கிறேன். கோணம் சரியாக நிற்பதில்லை, இரண்டாவது வகுப்புக்குள் களிமண் காய்ந்து வெடித்துவிடுகிறது. ஆறு துளை உருண்டைகளைத் தனியாக, சில்லறையாக விற்கும் கடை யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். முழு இனார்கானிக் கிட் வேண்டாம். விலை அதிகம், அதில் பாதி உருண்டை எனக்குத் தேவைப்படாது.