டி.என். 65 வண்டிக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி: இரண்டு வருட அனுபவம்

தொண்டியிலிருந்து தம்பி ஒருவர் போன வாரம் போன் பண்ணினார். துபாயில் என்னோடு ஒரே ரூமில் 4 வருடம் இருந்தவர். கோயம்புத்தூரில் 5 வருடப் பழைய ஜெர்மன் வண்டி ஒன்றைப் பார்த்து அட்வான்ஸும் கொடுத்துவிட்டார். "காக்கா (எங்கள் பக்கம் அண்ணனை இப்படித்தான் கூப்பிடுவோம்), வாரண்டி போடச் சொல்றாங்க. ரெண்டு வருஷத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல கேக்குறாங்க. போடவா, வேணாமா?"

அரை மணி நேரம் பேசியும் எனக்குச் சொல்லித் தீரவில்லை. கம்பெனி வாரண்டி முடிந்த வண்டிக்கு, பழுதானால் செலவை ஏற்கப் பணம் கட்டிப் போடுவதுதான் இந்த எக்ஸ்டெண்டட் வாரண்டி. என்னுடையதே நாளை மறுநாள் முடிகிறது. அந்தச் சூட்டிலேயே எழுதுகிறேன்.

என் வண்டி 2018 மாடல் டீசல் செடான். 2022-ல் பெங்களூரில் 41,000 கிலோமீட்டரில் வாங்கினேன். என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி, என் ஊர் கீழக்கரைக்குக் கொண்டுவந்து, இங்கே வரி கட்டி, ராமநாதபுரம் ஆர்.டி.ஓ.வில் டி.என். 65 நம்பர் போட்டேன். இன்று 83,000 ஓடியிருக்கிறது. ஓட்டுவதற்கு எப்படி என்று யாரும் கேட்க வேண்டாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சாயல்குடிப் பக்கம் அதிகாலையில் போனால், எதிர்க்காற்று அடிப்பது கண்ணாடியில் தெரியும், காதில் விழாது. அந்த இருக்கையில் உட்கார்ந்த பிறகு வேறு வண்டியில் மனசு ஒட்டவில்லை.

இந்த மாதிரி வண்டியில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. 65 லட்சத்துக்கு விற்ற வண்டி, சில வருடம் கழித்து 29 லட்சத்துக்கு நம் கைக்கு வருகிறது. ஆனால் அதன் உதிரிப் பாகம் இன்னமும் 65 லட்ச ரூபாய் வண்டியின் உதிரிப் பாகம்தான். வண்டி விலை பாதியாகிவிட்டது என்பதற்காக கியர்பாக்ஸைப் பாதி விலைக்கு யாரும் தர மாட்டார்கள். "பம்பர் டு பம்பர் இன்சூரன்ஸ் இருக்கே" என்று தம்பி சொன்னார். மோட்டார் இன்சூரன்ஸ் இடித்தால், எரிந்தால், திருடு போனால், வெள்ளத்தில் மாட்டினால் வரும். தானாக உள்ளே பழுதானதற்கு அதில் ஒரு ரூபாய் கிடையாது. அந்தப் பயத்தில்தான் 2023 டிசம்பரில் நானும் வாரண்டி போட்டேன். ஒரு லட்சம், அதற்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி., ஆக 1,18,000 ரூபாய். மதுரை சர்வீஸ் சென்டரில் வைத்துத்தான் விற்றார்கள். ஆனால் அது வண்டி கம்பெனியின் சொந்த வாரண்டி இல்லை, வெளியாள் நிறுவனம் ஒன்றின் திட்டம். இந்த வித்தியாசத்தை அன்றைக்கு நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தம்பி, நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2024 ஹஜ் பெருநாளுக்கு மறுநாள், சென்னையிலிருந்து வந்த மச்சான் குடும்பத்தைத் தனுஷ்கோடிக்கு அழைத்துப் போயிருந்தேன். அரிச்சல்முனை பார்த்துவிட்டுத் திரும்பும்போது தங்கச்சிமடத்தில் கியர் சிக்கிக்கொண்டது. மூன்றாவது கியரை விட்டு மாறவே இல்லை, டிஸ்பிளேயில் சிவப்பு எச்சரிக்கை. நிறுத்தி ஸ்டார்ட் பண்ணினால் ரிவர்ஸ் விழவில்லை. ஆட்டோமேட்டிக் வண்டியைக் கயிறு கட்டி இழுக்கக் கூடாது, ஃப்ளாட்பெட்தான் வர வேண்டும். அது வந்து சேர ராத்திரி 9 ஆகிவிட்டது. பிள்ளைகளை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, லாரி மேல் ஏறிய வண்டிக்குப் பின்னாலேயே மச்சானும் நானும் வாடகைக் காரில் மதுரை போனோம். பாம்பன் பாலத்தில் லாரி மெதுவாக ஏற, மேலே என் வண்டி ஆடுவதைப் பார்த்துக்கொண்டே போன அந்தக் கால் மணி நேரத்தை மறக்க முடியாது.

கியர்பாக்ஸுக்குள் இருக்கும் மெக்கட்ரானிக் யூனிட் போய்விட்டது என்றார்கள். எந்த நேரத்தில் எந்த கியர் விழ வேண்டும் என்று தீர்மானிக்கும் வால்வுகளும் எலக்ட்ரானிக்ஸும் ஒன்றாகச் சேர்ந்த பாகம் அது. எஸ்டிமேட் 2,31,000. வாரண்டிக்காரர்கள் சர்வீஸ் ரெக்கார்டு முழுவதும் கேட்டார்கள், அனுப்பினேன். ஆறாம் நாள் ஒப்புதல் வந்தது. ஆயிலும் ஃபில்டரும் மட்டும் என் கணக்கு, 17,000. மீதி 2,14,000-ஐ அவர்களே கட்டினார்கள். ஒரு வார்த்தை இழுபறி இல்லை. அன்றைக்கு யார் கேட்டிருந்தாலும் "கண்ணை மூடிக்கிட்டுப் போடு" என்றுதான் சொல்லியிருப்பேன். நான்கைந்து பேரிடம் சொல்லவும் சொன்னேன்.

இந்த வருடம் ஜூலையில்தான் என் தலைவலி ஆரம்பித்தது. வண்டியில் ஏர் சஸ்பென்ஷன். ஸ்பிரிங்குக்குப் பதில் நான்கு சக்கரத்திலும் ரப்பர் காற்றுப் பை, பெல்லோஸ் என்பார்கள். காற்று அடைக்க ஒரு கம்ப்ரஸர். காலையில் ஃபஜ்ர் தொழுதுவிட்டு வரும்போது பார்த்தால் பின்பக்கம் இடது சக்கரம் தாழ்ந்து, வண்டி ஒருக்களித்துப் படுத்திருக்கும். டயருக்கும் மேலே உள்ள ஆர்ச்சுக்கும் நடுவே சாதாரணமாக மூன்று விரல் நுழையும். அப்போது ஒரு விரல்கூட நுழையவில்லை. ஸ்டார்ட் பண்ணினால் கம்ப்ரஸர் 'உர்ர்' என்று கத்தி நிமிடக் கணக்கில் ஓடி மேலே தூக்கும். ஒரு மாதத்தில் அந்தச் சத்தமும் நின்றுவிட்டது.

ராமநாதபுரத்தில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் எதையும் கழற்றாமலே கண்டுபிடித்தார். வாரண்டி இருக்கும் வண்டியை ஒப்புதல் வாங்காமல் வெளியே கழற்றினால் கிளெய்ம் போய்விடும், அது அவருக்கும் தெரியும். வண்டியை ரேம்பில் ஏற்றி, மக்கில் சோப்புத் தண்ணி கலக்கி, பெல்லோஸ் மடிப்பில் பிரஷ்ஷால் தடவினார். மடிப்பின் உள்வளைவில் கடுகு அளவு குமிழி ஒன்று வந்து உடைந்தது. அதே இடத்தில் இன்னொன்று. "பாய், ரப்பர் வெடிச்சிருக்கு. இது கசியக் கசிய கம்ப்ரஸர் ஓயாம ஓடி எரிஞ்சிருக்கும்" என்றார். பிறகு டார்ச்சை அந்தப் பக்கம் திருப்பினார். கம்ப்ரஸரைப் பிடித்திருந்த இரும்பு பிராக்கெட் முழுக்கத் துரு. போல்ட் தலையை நகத்தால் சுரண்டினார், பட்டை பட்டையாகக் கையில் வந்தது. பக்கத்திலிருந்த அலுமினியப் பாகங்களில் சுண்ணாம்பு பூசினாற்போல் வெள்ளைப் பூத்திருந்தது. பெங்களூரில் வாங்கிய அன்று இதே இடத்தை நான் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். கறுப்பு பெயிண்ட் மினுமினு என்றிருக்கும். மூன்று வருடம் கீழக்கரையில் நின்றதற்கு இந்தக் கோலம்.

மதுரைக்குக் கொண்டுபோனேன். அவர்களும் போட்டோ எடுத்தார்கள், பிராக்கெட்டின் துருவைத்தான் கிட்டத்தில் வைத்து எடுத்தார்கள். 4 நாளில் பதில் வந்துவிட்டது. பெல்லோஸ் ரப்பர் பாகம், தேய்மானத்தில் சேரும், கிடையாது. கம்ப்ரஸர் பழுதானது பெல்லோஸால், வாரண்டியில் இல்லாத பாகத்தால் வந்த பழுது, கிடையாது. மேலும் உப்பு, துரு, சுற்றுச்சூழல் பாதிப்பு எதற்கும் கிடையாது. "சார், டாக்குமென்ட்ல 9-ம் பக்கம் இருக்கு" என்றார் சர்வீஸ் அட்வைசர். இருந்தது. நான்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

நியாயம் பேசினால் அவர்கள் பக்கம் பேச இடம் உண்டு. ரப்பர் எந்த ஊரில் இருந்தாலும் ஒருநாள் வெடிக்கும். துருவுக்கெல்லாம் பணம் கொடுக்க ஆரம்பித்தால் எந்த நிறுவனமும் தாங்காது. என் கோபம் அந்த விதி மேல் இல்லை. நம்பர் பிளேட்டில் டி.என். 65. ஆர்.சி. புக்கில் கீழக்கரை முகவரி. கடலுக்கு 300 மீட்டரில் நிற்கிற வண்டி என்று தெரிந்தே பணத்தை வாங்கினார்கள். இந்த ஊர் வண்டி எதனால் சாகும் என்று மதுரையில் சர்வீஸ் சென்டர் வைத்திருப்பவர்களுக்குத் தெரியாதா? மண்டபம் தொடங்கி மூக்கையூர் வரைக்கும் எத்தனை வண்டி அங்கே போகிறது! "உங்க ஊருக்கு இது இது கிடைக்காது சார்" என்று விற்கிற அன்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அதைச் சொல்லாமல், கொடுக்க முடியாது என்று சொல்வதற்காக மட்டும் கேமராவைத் துருவுக்குப் பக்கத்தில் கொண்டுபோனதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்று வக்கீலாக இருக்கும் உறவுக்காரரிடம் கேட்டேன். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை, 2 வருடத்துக்குள் போட வேண்டும் என்றார். கூடவே, விதி தெளிவாக எழுதியிருக்கும்போது ஜெயிப்பது கஷ்டம் என்றும் சொன்னார். விட்டுவிட்டேன்.

பெல்லோஸ் ஜோடியும் கம்ப்ரஸரும் வரிக்கு முன்னால் 1,20,000. ஆகஸ்டில் 28 சதவீத வரியோடு 1,53,600 என்று எஸ்டிமேட் கொடுத்திருந்தார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் உதிரிப் பாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 18 ஆகக் குறையும் என்று அறிவிப்பு வரவும், வண்டியை அப்படியே மூடிப் போட்டுவிட்டு அக்டோபரில் மாற்றினேன். 1,41,600 ஆயிற்று. கூலி தனியாக 11,800.

இந்த இடைவெளியில்தான் இன்னொரு விஷயம் தெரிந்தது, இதற்காகவே இந்தப் பதிவை எழுதலாம். எங்கள் தெருவுக்கு அந்தப் பக்கம் ஒரு மீனவர் வீடு. வல்லத்து (மீன்பிடிப் படகு) எஞ்சினைத் தினமும் கரைக்கு வந்ததும் நல்ல தண்ணி விட்டு அலசுவார், ஒரு நாள் தவற மாட்டார். நான் போர் தண்ணியில் வண்டி கழுவுவதைப் பார்த்து நின்றவர் கேட்டார்: "பாய், அந்தத் தண்ணிய வாயில ஊத்திப் பாத்திருக்கீங்களா?" பார்த்தேன். கரிப்பு. மூன்று வருடமாக, வாரத்துக்கு இரண்டு தடவை, ஆசை ஆசையாக, உப்புத் தண்ணியை பிரஷரில் வண்டிக்கு அடியில் அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். கடல் காற்று செய்ததில் பாதியை நானே செய்திருக்கிறேன் என்று நினைத்தபோது நெஞ்சு வலித்தது. இந்தக் கரையில் நிறைய வீடுகளில் போர் தண்ணி இப்படித்தான். காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிற நாளில் இரண்டு குடம் எடுத்து வைத்து, அடிப்பாகத்தை அதில் மட்டும் அலசுங்கள். மேலே என்ன தண்ணி ஊற்றினாலும் துடைத்துவிடலாம், அடியில் யார் துடைப்பது? புது பிராக்கெட்டுக்கு மெழுகு மாதிரி இருக்கும் துருத்தடுப்புக் கோட்டிங் அடித்திருக்கிறேன். கச்சான் (மேற்கிலிருந்து வீசும்) காற்று தொடங்கும் முன் ஒரு தடவை, வாடைக்கு முன் ஒரு தடவை ரேம்பில் ஏற்றிப் பார்ப்பதாக முடிவு.

இனி கணக்கு. கட்டியது 1,18,000. வந்தது 2,14,000. 96,000 ரூபாய் எனக்கு லாபம். வாரண்டி இல்லாவிட்டால் கியர்பாக்ஸுக்கு நகையைத்தான் அடகு வைத்திருப்பேன், அதை மறுக்கவில்லை. இன்னொரு வருடத்துக்குப் புதுப்பிக்க 94,400 கேட்கிறார்கள். காகிதத்தில் போட்டுப் பார்த்தால் புதுப்பிப்பதுதான் சரி என்றுகூடச் சொல்லலாம். 83,000 ஓடிய வண்டி, அடுத்து டர்போவோ, இன்ஜெக்டரோ, ஏ.சி.யோ எது வேண்டுமானாலும் போகலாம்.

நான் புதுப்பிக்கவில்லை.

தம்பிக்கு: வண்டியை எடுக்குமுன் ரேம்பில் ஏற்றி அடிப்பாகத்தை மூலை முடுக்கெல்லாம் போட்டோ எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். பழைய சர்வீஸ் ரெக்கார்டில் ஒரு வருடம் விடுபட்டிருந்தாலும் அதைக் காட்டி மறுப்பார்கள், ஒவ்வொரு பில்லையும் கேட்டு வாங்குங்கள். ஒரு கிளெய்முக்கு உச்சவரம்பு எவ்வளவு, போட்ட எத்தனை நாள் கழித்து அமலுக்கு வரும், வண்டியை விற்றால் அடுத்தவர் பெயருக்கு மாறுமா என்பதை வாயால் கேட்காமல் மெயிலில் கேளுங்கள். கடைசியாக, 'வண்டி தொண்டியில் கடற்கரையில் நிற்கும், துரு காரணமாகப் பழுதானால் எந்தெந்தப் பாகத்துக்குக் கொடுப்பீர்கள்' என்று ஒரே ஒரு கேள்வி. பதிலை எழுத்தில் தந்தால், எது கிடைக்காது என்பதாவது தெரிந்து பணம் கட்டுவீர்கள். தரவில்லை என்றால் அந்தப் பணத்தை வங்கியில் தனியாகப் போட்டுவிடுங்கள்.

புதுப்பிக்கச் சொல்லிப் போன வியாழக்கிழமை கூப்பிட்டவரிடம் இதே கேள்வியைத்தான் நானும் கேட்டேன். "மெயில் பண்றேன் சார்" என்றார். இன்று வரை வரவில்லை. இன்று காலை பள்ளிவாசலிலிருந்து வந்து வழக்கம்போல் குனிந்து பார்த்தேன். இடது பக்கம் மூன்று விரல், வலது பக்கம் மூன்று விரல்.