கார்பைக் குறைப்பதா, கலோரியை எண்ணுவதா? சோற்றுத் தட்டை முன்வைத்து ஓர் அலசல்

எடையைக் குறைக்கப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால் போதும், இரண்டு விதமான யோசனை வந்து சேரும். "சோற்றை விட்டுடு, முட்டை, கறி, பன்னீர்னு சாப்பிடு, தொப்பை தானா இறங்கும்" என்பது ஒன்று. "எதை வேணும்னாலும் சாப்பிடு, ஆனா ஒரு நாளைக்கு 1500 கலோரியைத் தாண்டாதே" என்பது இன்னொன்று. முதலாவது, அதாவது கார்ப் என்னும் மாவுச்சத்தைக் குறைப்பது, பேலியோ, கீட்டோ, லோ கார்ப் என்ற பெயர்களில் ஃபேஸ்புக் குழுக்கள் வழியாகத் தமிழில் பெரிதாகப் பரவியது. இரண்டாவதை ஜிம் பயிற்சியாளர்களும் கைபேசிச் செயலிகளும் கொண்டுவந்தார்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காலையில் இட்லி, மதியம் சோறு, இரவு தோசை என்று ஓடுகிற வீட்டில், மாவுச்சத்தைப் பாதியாகக் குறைத்துப் புரதத்தைக் கூட்டுவதுதான் நிலைத்து நிற்கும் வழி. கலோரிக் கணக்கு தேவைதான், ஆனால் தொடக்கத்தில் இரண்டு வாரமும், எடை நகராமல் நிற்கும்போது ஒரு வாரமும் போதும். மாவுச்சத்தைக் கிட்டத்தட்ட நிறுத்திவிடும் முழு கீட்டோவையும் ஆயுள் முழுக்கக் கலோரி எண்ணுவதையும் பெரும்பாலோருக்கு நான் சொல்ல மாட்டேன்.

ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன?

உடம்பைப் பொறுத்தவரை இரண்டு முறையும் ஒரே கணக்கில்தான் வேலை செய்கின்றன. செலவாவதைவிடக் குறைவாக உள்ளே போனால் கொழுப்பு கரையும். ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறக்குறைய 7700 கலோரி இருக்கிறது. லோ கார்ப் சாப்பிடுகிறவரும் குறைவாகத்தான் சாப்பிடுகிறார். எண்ணாமல் அது நடக்கிறது. புரதம் சீக்கிரம் வயிற்றை நிரப்புகிறது. அப்புறம் பஜ்ஜி, பிஸ்கட், மிக்சர், இனிப்பு எல்லாமே ஒரே விதியில் வெளியே போய்விடுகின்றன.

இரண்டையும் கிட்டத்தட்ட நேருக்கு நேர் நிறுத்திய ஆய்வு ஒன்று 2008இல் வெளிவந்தது. இஸ்ரேலின் டிமோனா நகரில் ஒரே இடத்தில் வேலை பார்த்த 322 பேரை இரண்டு ஆண்டுகள் கவனித்தார்கள். கலோரி வரம்போடு கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 2.9 கிலோ இறங்கினார்கள். கலோரி வரம்பே இல்லாமல் கார்பை மட்டும் குறைத்தவர்கள் 4.7 கிலோ. கலோரி வரம்போடு மத்தியதரைக் கடல் நாட்டு உணவு சாப்பிட்டவர்கள் 4.4 கிலோ. எண்ணாமலே எண்ணியவர்கள் அளவுக்கு இறங்க முடியும் என்பது இதில் தெரிகிறது. நல்ல உணவைத் தேர்ந்தெடுத்தால் வரம்பு வைத்தவர்களும் ஏறக்குறைய அதே இடத்துக்கு வருகிறார்கள் என்பதும் தெரிகிறது.

2018இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 609 பேரை வைத்து ஓராண்டு நடத்திய ஆய்வில், கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3 கிலோ, கார்பைக் குறைத்தவர்கள் 6 கிலோ. பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஒவ்வொரு குழுவுக்குள்ளும் 30 கிலோ அளவுக்குக் குறைந்தவரும் இருந்தார், 10 கிலோ வரை ஏறியவரும் இருந்தார். எந்த முறை சிறந்தது என்ற சண்டையைவிட இந்தச் செய்திதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. முறைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியைவிட மனிதர்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி பல மடங்கு பெரிது. அதனால் எந்த முறை என்று கேட்பதற்கு முன்னால், நம் சமையலறைக்கும் நம் வீட்டு வழக்கத்துக்கும் எது ஒத்துவரும் என்று பார்ப்பதுதான் சரி.

கலோரி எண்ணுவதில் உள்ள சிக்கல்

பாக்கெட்டில் வரும் உணவையே பெரும்பாலும் சாப்பிடுகிற ஊரில் கலோரி எண்ணுவது சுலபம், பின்னட்டையைப் பார்த்தால் போதும். நம் வீட்டில் நிலைமை வேறு. குழம்பு ஒரே சட்டியில் வருகிறது. அதில் எவ்வளவு எண்ணெய், எவ்வளவு தேங்காய் என்று சமைத்தவருக்கே சரியாகத் தெரியாது. சாம்பார் இன்று கெட்டி, நாளை தண்ணீர். செயலியில் "சாம்பார் ஒரு கிண்ணம்" என்று போட்டால் வரும் எண்ணுக்கும் உங்கள் வீட்டுச் சாம்பாருக்கும் சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை.

அரிசியில் நடக்கும் பிழை இன்னும் பெரிது. 100 கிராம் வேகாத அரிசியில் சுமார் 350 கலோரி. வெந்த சோறு 100 கிராமில் 130தான். அரிசி என்று தேடி முதலில் வருவதைத் தட்டிவிடுகிறவருக்குக் கணக்கு மூன்று மடங்கு வரை மாறிப்போகும். அடுத்தது எண்ணெய். ஒரு தேக்கரண்டிக்கு 45 கலோரி. தோசையைச் சுற்றி ஊற்றுவது, பொரியலில் தாளிப்பது, சட்னியில் தாளிப்பது எல்லாம் கணக்குக்கு வெளியே போய்விடுகின்றன.

இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல வழி, மாதக் கணக்கு. நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் நான்கு லிட்டர் எண்ணெய் தீர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு ஒரு லிட்டர். அது 900 கிராமுக்குச் சற்று மேல், அதாவது 8200 கலோரி அளவில். முப்பது நாளுக்குப் பிரித்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 270 கலோரி எண்ணெயிலிருந்து மட்டும் வருகிறது. செயலி சொல்லாததை மளிகை ரசீது சொல்லிவிடும்.

எண்ணுகிறவர்கள் வேண்டுமென்றே பொய் சொல்வதில்லை, ஆனாலும் குறைத்துத்தான் எழுதுகிறார்கள். 1992இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், "எவ்வளவு குறைவாகச் சாப்பிட்டாலும் எடை குறையவில்லை" என்று வந்தவர்கள் உண்மையில் சாப்பிட்டதைவிட 47 சதவீதம் குறைவாகக் குறித்திருந்தது தெரிந்தது.

இத்தனை குறை இருந்தும் அந்த இரண்டு வாரக் கணக்கை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. நம் கண்ணுக்கு எது தப்பிக்கிறது என்பதை அது காட்டிக்கொடுக்கும். பேச்சுக்கு நடுவே கொறிக்கும் ஐம்பது கிராம் வேர்க்கடலை 280 கலோரி. நாள் முழுக்க நான்கு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை என்றால் சர்க்கரை மட்டுமே 160. லோ கார்பில் இருப்பவருக்கும் இந்தக் கணக்கு தேவை. பேலியோவில் காலை உணவாக நூறு பாதாம் சாப்பிடும் வழக்கம் உண்டு; அது 600 கலோரிக்குக் குறையாது. இருநூறு கிராம் பன்னீர் 500ஐத் தாண்டும். கார்ப் இல்லை என்பதால் அளவே வேண்டாம் என்று நினைத்தவர்களுக்குத்தான் நான்காவது மாதத்தில் எடை நின்றுபோகிறது.

தினமும் 1200 கலோரி என்று மாதக்கணக்கில் இறுக்கிப் பிடிப்பதை நான் ஏற்பதில்லை. 1944, 45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் நடத்திய பட்டினி ஆய்வில் 36 இளைஞர்களுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1570 கலோரி கொடுத்து, நிறைய நடக்கவும் வைத்தார்கள். சில மாதங்களில் அவர்கள் பேச்சும் நினைப்பும் சாப்பாட்டைச் சுற்றியே வந்தன. உணவைக் கண்டு பயப்படும் பழக்கம் ஏற்கெனவே உள்ளவர்களும், வளரும் வயதுப் பிள்ளைகளும் கலோரி எண்ணவே வேண்டாம்.

லோ கார்ப், நம் தட்டில்

இந்தியர்களின் உணவில் மொத்தக் கலோரியில் ஏறக்குறைய 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஐசிஎம்ஆர் - இன்டியாப் (ICMR-INDIAB) ஆய்வு. சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்னின்று நடத்தும் நாடு தழுவிய ஆய்வு அது. அதே ஆய்வுத் தொடர், தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருப்பதாகச் சொன்னது. ஆக, நம் தட்டில் எது அதிகம் என்பதில் சந்தேகமில்லை. மதியம் 350 கிராம் சோறு சாப்பிட்டால் 450 கலோரி, கிட்டத்தட்ட 100 கிராம் மாவுச்சத்து. புரதம் பத்து கிராம்கூட வராது. கூடவே உருளைக்கிழங்குப் பொரியலும் அப்பளமும் வைத்தால் கேட்கவே வேண்டாம்.

எவ்வளவு குறைப்பது என்பதில்தான் பேச்சு மாறுகிறது. கீட்டோ என்றால் ஒரு நாளைக்கு 20 முதல் 50 கிராம் மாவுச்சத்து. நடுத்தர இட்லி ஒன்றில் சுமார் 12 கிராம் இருக்கிறது; நான்கு இட்லியோடு அன்றைய கணக்கு முடிந்தது. அப்புறம் பருப்பு, பால், பழம், கேரட் எதற்கும் இடமில்லை. வீட்டில் எல்லோருக்கும் ஒரு சமையல், ஒருவருக்கு மட்டும் தனிச் சமையல் என்று ஆகிவிடும். சமைக்கிறவரே எடை குறைக்க நினைக்கும் பெண் என்றால், அந்த இரட்டை வேலை எத்தனை நாள் ஓடும்?

வரம்பை 130 கிராம் என்று வைத்தால் கதையே வேறு. காலையில் இரண்டு இட்லி, மதியம் ஒரு கப் சோறு, சாம்பார், சர்க்கரை இல்லாத இரண்டு டீ, காய்கள், ஒரு கொய்யா, எல்லாம் அதற்குள் அடங்கும். இரவு தோசைக்குப் பதில் முட்டையோ மீனோ சிக்கனோ பன்னீரோ காயோடு சாப்பிடலாம். தனிச் சட்டி வேண்டாம்; எல்லோரும் சாப்பிடுவதையே வேறு அளவில் எடுத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான். சோற்றைப் பாதியாக்கி, பொரியலை இரண்டு மடங்காக்கி, இரண்டு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ சேர்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

சோற்றை நிறுத்திவிட்டு நான்கு சப்பாத்தியோ தினைப் பொங்கலோ சாப்பிடுவது லோ கார்ப் ஆகாது. அரிசி, கோதுமை, கேழ்வரகு, தினை எல்லாமே நூறு கிராமுக்கு 320 முதல் 360 கலோரிக்குள்தான் வருகின்றன. சிறுதானியத்தில் நார்ச்சத்து கூடுதல், அது நல்லதுதான். ஆனால் மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் வெள்ளை அரிசியைக் கோதுமையாகவோ சிறுதானியமாகவோ மாற்றுவதில் மட்டும் நீரிழிவு ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை என்று 2025இல் வந்த அதே ஐசிஎம்ஆர் - இன்டியாப் ஆய்வறிக்கை சொன்னது. எத்தனையோ வீடுகளில் இந்த மாற்றத்தை நம்பித்தான் காத்திருக்கிறார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

செலவையும் பேச வேண்டும். தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி இலவசம். பாதாமும் பன்னீரும் அப்படி இல்லை. முட்டை ஒன்று குறைந்த செலவில் புரதம் ஆறு கிராம் தருகிறது. அசைவம் சாப்பிடுகிறவருக்கு மத்தி மீன் இருக்கிறது. சைவர்களுக்கு லோ கார்ப் உண்மையிலேயே கடினம். பயறும் கடலையும் புரதத்தோடு மாவுச்சத்தையும் கொண்டுவருகின்றன. மீல்மேக்கரில் பாதிக்குப் பாதி புரதம், விலையும் குறைவு, தயிரும் கைகொடுக்கும். சைவ வீட்டில் 130 கிராம் என்ற கோட்டைக் கொஞ்சம் தாண்டினாலும் பரவாயில்லை, புரதம் குறையக் கூடாது.

முதல் வாரத்தில் இரண்டு மூன்று கிலோ இறங்கியதாக லோ கார்ப் ஆட்கள் சொல்வதில் பெரும்பகுதி தண்ணீர். உடம்பு கல்லீரலிலும் தசையிலும் சேர்த்துவைக்கும் கிளைக்கோஜன், ஒரு கிராமுக்கு மூன்று கிராம் அளவில் தண்ணீரைப் பிடித்துவைக்கும். அது கரையும்போது தண்ணீரும் போகிறது. கல்யாண விருந்து ஒன்று சாப்பிட்டால் மறுநாளே திரும்புகிறது. அந்த மறுநாள் எடையைப் பார்த்துவிட்டு எல்லாம் போச்சு என்று கைவிடுகிறவர்கள்தான் பாவம். கலோரி எண்ணுகிறவருக்கு இந்த ஏற்ற இறக்கம் குறைவு.

மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு

இந்தப் பகுதியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். நீரிழிவுக்கான கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் திடீரென்று சோற்றை நிறுத்தினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் கீழே போகும். டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை நீரிழிவு மாத்திரை எடுப்பவர் கீட்டோவுக்குப் போனால், ரத்தச் சர்க்கரை பெரிதாக ஏறாமலே ரத்தத்தில் அமிலம் கூடி உயிருக்கே ஆபத்தாகலாம். ரத்த அழுத்த மாத்திரையின் அளவையும் குறைக்க வேண்டிவரலாம். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர், கர்ப்பிணி, பால் கொடுக்கும் தாய் யாராக இருந்தாலும் மருத்துவரிடம் பேசிவிட்டுத்தான் தட்டை மாற்ற வேண்டும். நெய்யும் வெண்ணெயும் கூடினால் சிலருக்குக் கெட்ட கொழுப்பு நன்றாகவே ஏறும். தெற்காசியர்களுக்கு இதய நோய் இளவயதிலேயே வருவதால் மூன்று மாதத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை அவசியம்.

கார்பை நிறுத்தினால்தான் நீரிழிவு அடங்கும் என்பதும் முழு உண்மை இல்லை. பிரிட்டனில் நடந்து 2017 இறுதியில் முதல் முடிவுகள் வெளியான டைரக்ட் ஆய்வில், மருத்துவக் கண்காணிப்போடு சில மாதங்கள் ஒரு நாளைக்கு 825 முதல் 853 கலோரி மட்டுமே தரும் பானம் கொடுத்தார்கள். அதன் கலோரியில் பாதிக்கு மேல் மாவுச்சத்திலிருந்துதான் வந்தது. இருந்தும் ஓராண்டு முடிவில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே நீரிழிவு அடங்கியிருந்தது. இரண்டாம் வகை நீரிழிவு வந்து ஆறு ஆண்டுகளுக்கு உட்பட்டவர்கள் அவர்கள். எடை இறங்கியதுதான் அங்கே வேலை செய்தது.

யாருக்கு எது?

தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவர், எண்களில் ஆர்வம் உள்ளவர், ஜிம்முக்குப் போகிறவர், ஏற்கெனவே சோறு குறைவாகச் சாப்பிட்டும் எடை கூடியவர், இவர்களுக்குக் கலோரிக் கணக்கு நன்றாக உதவும். குடும்பச் சட்டியிலிருந்து சாப்பிடுகிறவருக்கும், பசி தாங்காதவருக்கும், தொப்பை மட்டும் பெரிதாக இருப்பவருக்கும் பாதிச் சோறு, இரட்டைப் பொரியல் வழிதான். எடை இயந்திரத்தோடு ஒரு அளவு நாடாவும் வைத்துக்கொள்ளுங்கள். நம்மவர்களுக்கு ஆண்களில் 90 செ.மீ., பெண்களில் 80 செ.மீ. இடுப்புச் சுற்றளவே எல்லை. ஒரு மாதமாக எடையும் நாடாவும் நகரவில்லை என்றால் ஒரு வாரம் தராசை எடுத்து எண்ணெய், தேங்காய், கடலை, பாதாம் நான்கையும் மட்டும் எடைபோட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் அகப்படும்.