போலோ, ஹாக்கி: பந்து யாருக்கு, பாதை யாருக்கு?

ஹாக்கி மைதானம் 91.4 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகலம். அதில் 22 பேர் ஓடுகிறார்கள். பக்கப் பலகை வைத்த முழு அளவு போலோ மைதானம் 300 கெஜ நீளம், 160 கெஜ அகலம். அதில் அணிக்கு நாலு பேர், மொத்தம் எட்டே பேர். கணக்குப் போட்டுப் பார்த்தால் போலோவில் ஆளுக்கு ஏறக்குறைய ஒரு முழு ஹாக்கி மைதானமே கிடைக்கிறது. அப்படியும் அதுதான் ஆபத்தான ஆட்டம். எட்டுப் பேரும் ஒரே பந்தை நோக்கிக் குதிரையை விரட்டுகிறார்கள். பாய்ந்து வரும் குதிரையை நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது.

அதனால்தான் போலோவைக் ‘குதிரை மேல் ஆடும் ஹாக்கி’ என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. ஹாக்கியில் பந்து யாரிடம் இருக்கிறது என்பதே கேள்வி. மட்டையோடு ஒட்டிய மாதிரி பந்தை உருட்டி, நின்று, திரும்பி, எதிராளியை ஏமாற்றலாம். போலோவில் பந்தை யாரும் வைத்திருப்பதில்லை. அடித்த பந்து போகும் திசையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு விழுகிறது. அந்தக் கோட்டை ஒட்டி, பந்தைத் தன் வலப்பக்கம் வைத்து வருபவருக்கே வழியுரிமை. குறுக்கே பாய்ந்தால் ஃபவுல். முதல்முறை பார்ப்பவர்கள் பந்தையே தேடுவார்கள்; அந்தக் கோட்டைக் கவனிக்கத் தொடங்கினால் ஆட்டம் சட்டென்று புரியும்.

எதிராளியைத் தடுக்கும் விதமும் தலைகீழ். ஹாக்கியில் உடம்பால் பந்தை மறைக்கக் கூடாது, அடுத்தவர் மட்டையைத் தட்டக் கூடாது. போலோவிலோ குதிரையோடு குதிரை தோள் உரசி, எதிராளியைக் கோட்டை விட்டுத் தள்ளலாம். அவர் வீசும் மட்டையைத் தன் மட்டையால் கொக்கி போட்டு நிறுத்தலாம். ஹாக்கியில் காலில் பந்து பட்டாலே பெரும்பாலும் ஃபவுல். போலோவில் குதிரையின் காலில் பட்டுப் பந்து கம்பங்களுக்கு நடுவே போனாலும் கோல்தான்!

இடக்கைக்காரர்களுக்கு இரண்டுமே கடினம். ஹாக்கி மட்டையின் தட்டையான பக்கத்தால்தான் ஆட வேண்டும், அதுவும் எல்லோருக்கும் ஒரே பக்கம். போலோவில் வலக்கை கட்டாயம். எதிரெதிரே வரும் இருவரும் பந்தைத் தத்தம் வலப்பக்கம் வைத்து வந்தால் மோதாமல் கடந்து போகலாம். இந்த விதியில் நான் குறை காண மாட்டேன்.

களைப்பைப் பொறுத்தவரை, ஹாக்கி 15 நிமிடக் கால் பகுதிகள் நாலு; ஆட்களை மாற்றிக்கொண்டே இருக்கலாம். போலோவில் மாறுவது குதிரை. ஆட்டத்தின் ஒரு பகுதிக்கு அங்கே சக்கர் என்று பெயர். ஒரு சக்கர் சுமார் 7 நிமிடம், அது முடிந்ததும் வேறு குதிரை. ஒருவருக்கே பல குதிரைகள் தேவைப்படுவது இதனால்தான். செலவும் அங்கேதான் ஏறுகிறது.

அப்புறம், ஒரே குதிரை வைத்திருப்பவர்களுக்கு நான் மனதாரச் சொல்வது போலோகிராஸ். 1930களின் இறுதியில் ஆஸ்திரேலியாவில் உருவான ஆட்டம். மட்டை முனையில் வலை, அதில் மென்மையான பந்து. ஆட்டம் முழுக்க ஒரே குதிரைதான். அணியின் ஆறு பேர் மூன்று மூன்றாகப் பிரிந்து மாறி மாறி இறங்குவதால் குதிரைக்கு ஓய்வு கிடைக்கிறது. குதிரையை மதிக்கும் விதி இது.

குதிரை மேல் ஆடும் இன்னொரு ஆட்டமான ஹார்ஸ்பாலில் மட்டையே இல்லை. தோல் கைப்பிடிகள் தைத்த பந்தைக் கையால் வீசி வளையத்தில் போட வேண்டும். அதற்கு முன் மூன்று வெவ்வேறு வீரர்களிடையே மூன்று பாஸ் ஆகியிருக்க வேண்டும். கீழே விழுந்த பந்தை ஓடும் குதிரையிலிருந்து தொங்கியே எடுப்பார்கள். பார்ப்பதற்கு எனக்கு இதுதான் அதிகம் பிடிக்கும்.

ஹாக்கியிலிருந்து போலோவுக்கு வர நினைப்பவர்களுக்கு ஒன்று. பந்தின் வேகத்தைக் கணிக்கும் கண் அங்கேயும் உதவும், மணிக்கட்டு வித்தை அவ்வளவாக உதவாது. போலோ மட்டையை ஒரு கையால், தோளிலிருந்து ஊசல் மாதிரி வீச வேண்டும். பந்தில் படுவது மட்டைத் தலையின் நீளமான பக்கம். அதைக் கற்க முதலில் உட்கார வேண்டியது உயிருள்ள குதிரையில் அல்ல, மரக்குதிரையில்.