பழைய தமிழ் நூல்: அசலா, ஸ்கேனா?

மதுரையில் இருந்துகொண்டு நூறு வருடத்துக்கு முந்தைய தமிழ் நூலைத் தேடுகிறவருக்கு இரண்டு வழி: நூலகத்துக்கே போவது, அல்லது தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம்.

நூலில் எழுதியிருப்பதைப் படித்தால் மட்டும் போதுமென்றால் மின்னூலகமே மேல். காசில்லை, அனுமதிக் கடிதம் வேண்டாம். ஆனால் பல நூல்கள் வெறும் பக்கப் படங்கள். ஒரு சொல்லைத் தட்டித் தேட முடியாது.

நூலின் வரலாறு வேண்டுமா? அசல்தான். 1901-இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் ‘செந்தமிழ்’ இதழையே எடுத்துக்கொள்ளுங்கள். தாளின் தரம், தையல், யாரோ ஓரத்தில் பென்சிலால் குறித்த பாடபேதம் (அதே வரியின் வேறு வடிவம்), முன்பு வைத்திருந்தவரின் முத்திரை, இவையெல்லாம் கருப்பு வெள்ளை ஸ்கேனில் மங்கிவிடும். மடித்து ஒட்டிய அட்டவணையை விரிக்காமலே ஸ்கேன் செய்துவிடுவதும் உண்டு (இது எனக்குப் பெரிய எரிச்சல்). சிக்கல் என்னவென்றால், அந்தக் காலத்து அமிலத் தாள் நம்மூர் வெக்கையில் பழுப்பேறி, மடித்தாலே உடைகிறது. அதனால் ஜெராக்ஸ் கேட்காதீர்கள். விரித்து அழுத்தினால் கட்டு விட்டுவிடும். ஃபிளாஷ் இல்லாமல் போனில் படமெடுக்கலாமா என்று கேளுங்கள்.

நான் சொல்வது: ஸ்கேனில் பக்க எண்களைக் குறித்துக்கொண்டு, அப்புறம் சந்தேகமான பக்கங்களுக்கு மட்டும் அசலைக் கேளுங்கள்.