மலை ஏறும்போதெல்லாம் சூடேறிய பிக்கப், அதைச் சரிசெய்த ஒட்டன்சத்திரம் பட்டறை

என் வண்டி 2012இல் வாங்கிய டீசல் பிக்கப், மூன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிவிட்டது. மேலே கொடைக்கானல் மலைக்குப் போகும்போது உர மூட்டை, இறங்கும்போது மன்னவனூர், பூம்பாறைப் பக்கத்துக் கேரட், பீன்ஸ், பூண்டு. எல்லாம் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு வர வேண்டும். பழநியிலிருந்து கொடைக்கானல் ஏறுவது 65 கிலோமீட்டருக்குள்தான். அந்த ஏற்றத்தில் ஒன்றரை வருடமாக வண்டி என்னைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல.

பழைய வண்டி என்றால் கிளட்ச் பிளேட் தேயும், ஸ்பிரிங் கட்டில் மெயின் பட்டை உடையும், செல்ஃப் மோட்டார் மழைக்காலத்தில் எடுக்காது. அதெல்லாம் மாற்றினால் முடிந்தது. சூடேறுவதுதான் முடியவே இல்லை. கொடைக்கானலுக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும் பெருமாள்மலை வருவதற்குள் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டுவிடும், ஓரமாக நிறுத்தி ஆறவைத்துத் தண்ணீர் ஊற்றி மறுபடி கிளம்ப வேண்டும், இதற்குள் மேலே சரக்கோடு காத்திருக்கும் விவசாயி நாலு தடவை போன் செய்துவிடுவார். முன்பு போய்க்கொண்டிருந்த இடத்தில் முதலில் ரேடியேட்டரை மாற்றினார்கள், அப்புறம் வாட்டர் பாடி (தண்ணீர் பம்ப்), அப்புறம் ஹெட் கேஸ்கட், அதாவது இஞ்சின் ஹெட்டுக்கு அடியில் தண்ணீரும் ஆயிலும் கலக்காமல் தடுக்கும் தகடு. ஆயில் பால் ஊற்றிய டீ மாதிரி ஆகிவிட்டதால் கேஸ்கட் போயிருந்தது உண்மைதான். ஆனால் அது ஏன் போனது என்று அங்கே யாரும் பார்க்கவில்லை. ஹெட்டை லேத்தில் கொடுத்துச் சமப்படுத்தி மாட்டியதற்கு 28,000 ரூபாய். ஏழே மாதத்தில் மறுபடி அதே டீ நிறம்.

மார்க்கெட்டில் லோடு இறக்கும் ஒரு அண்ணன் சொல்லித்தான் இந்தப் பட்டறைக்குப் போனேன். தாராபுரம் ரோட்டில் தகரக் கொட்டகை, பெயர்ப்பலகைகூடக் கிடையாது, மெக்கானிக் அண்ணனும் ஒரு பையனும் மட்டும். அவர் ஸ்பேனரைத் தொடவில்லை. முதல் அரைமணி நேரம் கேள்விதான். ஏற்றத்தில் மட்டும் சூடேறுகிறதா, சமதளத்திலுமா, என்ன தண்ணீர் ஊற்றுகிறாய், காலையில் ஹோஸ் பைப்பை அமுக்கினால் கெட்டியாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இஞ்சின் நல்ல சூட்டில் இருக்கும்போது ஆஃப் செய்துவிட்டு ஃபேனைக் கையால் சுற்றினார், அது காற்றாடி மாதிரி தங்குதடை இல்லாமல் சுற்றியது. சூட்டில் அது இறுக்கமாகப் பிடித்து நிற்க வேண்டுமாம். ஃபேனை அப்படிப் பிடித்துச் சுற்றவைக்கும் ஃபேன் கிளட்ச் போய்விட்டது என்று அங்கேயே தெரிந்துவிட்டது.

அப்புறம், சூட்டுக்குத் தக்கபடி ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் வால்வின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "தம்பி, உள்ள வால்வையே காணோமே, யாரு கழட்டுனது?" என்றார். எனக்குத் தெரியாது, பழைய இடத்தில் என்னைக் கேட்காமலே எடுத்திருக்கிறார்கள். வால்வை எடுத்தால் வண்டி சூடேறாது என்று நம் பக்கத்தில் பலர் செய்கிறார்கள். என் வண்டி இஞ்சினில் அந்த வால்வு ரேடியேட்டர் வழியைத் திறக்கும்போதே ரேடியேட்டருக்குப் போகாமல் இஞ்சினுக்கே திரும்பும் பைபாஸ் வழியை மூடும். வால்வு இல்லாததால் சூடான தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் இஞ்சினுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது! ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங்கும் செத்துவிட்டது. அது அழுத்தத்தைப் பிடித்து வைத்தால்தான் தண்ணீர் 115 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும், இல்லையென்றால் கொடைக்கானல் உயரத்தில் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்று அவர் சொன்னபோதுதான், ஏன் மேலே போகப்போக மோசமானது என்று எனக்கு விளங்கியது. நான் வருடக்கணக்கில் ஊற்றிய போர் தண்ணீரால் இஞ்சின் பிளாக்குக்குள் உப்பும் துருவும் அடைத்துக் கிடந்தது. அதைக் கழுவவே ஒரு நாள் ஆனது.

கேஸ்கட், ஃபேன் கிளட்ச், வால்வு, மூடி, கூலண்ட், லேத் செலவு, கூலி எல்லாம் சேர்த்து 26,500 ரூபாய். பழைய சாமான் ஒவ்வொன்றையும் சாக்கில் கட்டி என் கையில் கொடுத்தார். இனி கூலண்ட் தவிர எதையும் ஊற்றக் கூடாது என்று ரொம்பக் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். ஐந்து மாதமாக வாரம் மூன்று தடவை மலை ஏறுகிறேன், முள் பாதியைத் தாண்டவில்லை.

குறையும் சொல்லிவிடுகிறேன். நான்கு நாள் என்று சொன்ன வேலை ஒன்பது நாள் ஆனது, அத்தனை நாளும் வாடகை வண்டி வைத்துத்தான் சமாளித்தேன். போனை எடுக்கவே மாட்டார், நேரில்தான் போக வேண்டும். கம்ப்யூட்டர் பில் வேண்டும் என்பவர்களுக்கு இந்த இடம் ஒத்துவராது, துண்டுச் சீட்டில் எழுதித் தருவார். சென்சார் நிறைந்த புது வண்டிகளை அவரே எடுப்பதில்லை, வேறு இடம் பாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்.

எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்ட வேண்டும், எனக்கு அடுத்த மாதம் வருகிறது. பிரேக் வேலையும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் கிராஸ் மாற்றுவதும் அவரிடம்தான். போகிறவர்கள் காலை எட்டு மணிக்கே போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் வாசலில் வண்டி நிறுத்த இடம் இருக்காது.