ஸ்டீயரிங்கிலிருந்து கை எடுக்காமல் மணி பார்க்க: அமிடா டிஜிட்ரெண்டுடன் மூன்று வருடம்

சுவிஸில் தினமும் வேலைக்குக் காரில்தான் போகிறேன். மூன்று வருடமாக இடது கையில் கட்டியிருப்பது, 1976-இல் இங்கே பாசல் நகரக் கண்காட்சியில் வெளிவந்த அமிடா டிஜிட்ரெண்ட் என்ற வாட்ச். பழைய சாமான் சந்தையில் வாங்கியது. மேலே வெறும் தகடு. பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்த்தாலும் மணி தெரியாது. என்னை நோக்கிய விளிம்பில் ஒரு சின்ன ஜன்னல், அதில்தான் மணி. ஸ்டீயரிங்கைப் பிடித்த கையைத் திருப்பவே வேண்டாம்.

அப்போது சிவப்பு எல்.இ.டி. வாட்சுகளுக்குத்தான் மவுசு. இதுவும் அந்தச் சாயல்தான், ஆனால் பேட்டரி கிடையாது. சாவி கொடுக்கும் வாட்ச். மணிக்கும் நிமிடத்துக்கும் தட்டுகள் படுக்கைவாட்டில் சுற்ற, ஒரு முப்பட்டகம் எண்களை 90 டிகிரி திருப்பி ஜன்னலுக்குக் கொண்டுவருகிறது. சர்வீஸுக்குத் திறந்தபோது பார்த்தேன், தட்டில் எண்களை இடவலம் மாற்றி அச்சடித்திருக்கிறார்கள். எல்.இ.டி. வாட்சிலோ மணி பார்க்க மறுகையால் பொத்தானை அழுத்த வேண்டும். கார் ஓட்டுபவருக்கென்று வந்தவற்றிலும் அதே கதை!

இங்கே கியர் வலது கைக்கு. இடது கை ஸ்டீயரிங்கிலேயே இருக்கும். ஊரில் ஓட்டியபோது இடது கை அடிக்கடி கியருக்கு இறங்க, வாட்ச் என் முழங்காலுக்கு மணி காட்டிக்கொண்டிருந்தது.

வெளிச்சம் இல்லையென்றால் இதில் ஒன்றும் தெரியாது. ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து போகும் கோட்ஹார்ட் சாலைச் சுரங்கம் கிட்டத்தட்ட 17 கிலோமீட்டர். ஒவ்வொரு விளக்கைத் தாண்டும்போதும் எண் பளிச்சென்று தெரிந்து மறையும். அது எனக்குப் பிடித்த காட்சி என்பது வேறு விஷயம்.

அப்பா காலத்து வாட்சில் 17 ஜுவல்ஸ் என்று பெருமையாக எழுதியிருக்கும்; உள்ளே சக்கரங்கள் தேயாமல் சுழல வைக்கும் சின்னக் கற்கள் அவை. இதில் ஒரே ஒரு கல். நாளுக்கு இரண்டு மூன்று நிமிடம் பிந்தும். காலையில் சாவி கொடுக்கும்போதே சரிசெய்துவிடுவேன், அது பழகிவிட்டது.

பழகாதது வேறொன்று. 60 நிமிடம் முடிந்ததும் மணித் தட்டு சட்டென்று அடுத்த எண்ணுக்குத் தாவ வேண்டும். என்னுடையதில் தேய்மானம், ஓரிரு நிமிடம் தாமதித்துத்தான் தாவும். ஒருநாள் 9.01 என்று பார்த்துவிட்டு, பத்து மணிச் சந்திப்புக்கு இன்னும் நேரமிருக்கிறதே என்று நிதானமாகக் காப்பி வாங்கினேன். உண்மையில் அப்போது 10.01.

இப்போதெல்லாம் நிமிடம் 58-ஐத் தாண்டினால் காரின் டாஷ்போர்டைத்தான் பார்க்கிறேன்.